12டி என்றால் என்ன? இருட்டுக்குள் ஓடும் ரைடுகளின் கதை

பெங்களூரில் ஓரளவு பெரிய மால் எதற்குள் போனாலும், மேல் மாடியில் சாப்பாட்டுக் கடைகள் முடியும் இடத்தில் ஒரு பலகை நிற்கும். ஒன்றில் 7டி, இன்னொன்றில் 9டி, அதற்கும் மேலே போய் 12டி. பக்கத்திலேயே கறுப்புத் திரை போட்ட பேய் வீடு. பிடதிப் பக்கம், மைசூர் சாலைப் பக்கம் பூங்காவுக்குப் போனால் அங்கே வேறு பெயர்கள்: சிமுலேட்டர், ஃப்ளையிங் தியேட்டர், டார்க் ரைடு. கோடை விடுமுறைக்குச் சேலத்திலிருந்து வந்து இறங்கும் பிள்ளைகள் இதெல்லாம் என்ன என்று கேட்டால், அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருக்கும் மாமா என்ன சொல்வார்? பெரும்பாலும், "எல்லாம் ஒண்ணுதான், இருட்டுல உக்கார வச்சு ஆட்டுவான்."

முழுத் தவறில்லை. ஆனால் இவை வெவ்வேறு வகை. செலவும் வேறு, ஏமாறும் இடமும் வேறு, ஆபத்து ஒளிந்திருக்கும் இடமும் வேறு. அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் பெயர்கள்

டார்க் ரைடு என்றதும் பேய் என்றே பலர் நினைக்கிறார்கள். பெயரில் உள்ள இருட்டு பகல் வெளிச்சம் உள்ளே வராது என்பதை மட்டுமே சொல்கிறது. மூன்று விஷயம் சேர்ந்தால் அது டார்க் ரைடு. கூரை போட்டு மூடிய கட்டடம் வேண்டும். உட்கார்ந்து போக ஒரு வண்டியோ படகோ வேண்டும். வழி நெடுக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் வர வேண்டும். காட்சி பேயாக இருக்கலாம், கடற்கொள்ளையராக இருக்கலாம், சாமியாகவும் இருக்கலாம்.

டெல்லிக்குப் போனவர்கள் இதை அறியாமலே ஏறியிருப்பார்கள். 2005-ல் திறந்த அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில், மயில் வடிவப் படகில் உட்கார்ந்து சுமார் 12 நிமிடம் பழைய இந்தியாவின் காட்சிகளுக்கு நடுவே மிதந்து போகிறோமே, அது இலக்கணம் பிசகாத டார்க் ரைடு. அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மற்றவற்றை வேகமாகப் பிரித்துவிடலாம்:

1. நடந்து போனால் அது பேய் வீடு. பொருட்காட்சிக்காரர்கள் தகரத்திலும் கறுப்புத் துணியிலும் கட்டுவது இதைத்தான். வண்டி கிடையாது.

2. நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்து ஆடினால் சிமுலேட்டர். முன்னால் திரை, கீழே ஆட்டுகிற இயந்திரம்.

3. காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, பெரிய வளைந்த திரைக்கு முன்னால் தூக்கி நிறுத்தினால் ஃப்ளையிங் தியேட்டர். மும்பை-புனே விரைவுச்சாலையை ஒட்டி, கோபோலிக்குப் பக்கத்தில் உள்ள இமேஜிகா பூங்காவில் 'ஐ ஃபார் இந்தியா' என்று ஒன்று இருக்கிறது. நாட்டின் மேலே பறப்பது போலக் காட்டும்.

4. நாற்காலி பெரிதாக ஆடாமல், படம் ஓடும்போது முகத்தில் தண்ணீர் தெளித்து, காலில் எதையோ உரசவிட்டால் அது 4டி.

சரி, 12டி? நீளம், அகலம், ஆழம் என்று மூன்றுவரை கணக்கு நியாயமானது. நான்காவது டி, திரைக்கு வெளியே உடம்பில் படும் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர். அதற்கு மேல் வரும் எண்ணுக்குப் பொதுவான வரையறை எதுவும் இல்லை. காற்றுக்கு ஒரு டி, தண்ணீருக்கு ஒரு டி, சோப்பு நுரைக்கு ஒரு டி, புகைக்கு ஒரு டி என்று கடைக்காரர் எண்ணிக்கொண்டே போகலாம். எதிர்க்கடை 9 போட்டால் இவர் 12 போடுவார். ஜவுளிக்கடைத் தள்ளுபடிப் பலகையைப் படிக்கிற மாதிரி இதையும் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இருட்டு என்ன வேலை செய்கிறது

டார்க் ரைடில் விலை உயர்ந்த பொருள் பொம்மையோ வண்டியோ அல்ல. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை முழுக்கத் தன் கையில் வைத்திருப்பதுதான் அது. ரோலர் கோஸ்டரில் உச்சிக்குப் போனால் வாகன நிறுத்தம் வரை எல்லாம் தெரியும். டார்க் ரைடில் உங்கள் கண் அவர்கள் கையில்.

இதற்குக் கண்ணே துணை போகிறது. வெயிலிலிருந்து இருட்டுக்குள் போனால் விழித்திரை பழகிக்கொள்ள நேரம் பிடிக்கும். முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். ரைடு ஓடுவது நாலைந்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி நேரம். ஆக, கண் தயாராவதற்குள் வெளியே தள்ளிவிடுவார்கள். நடுநடுவே ஒரு பளீர் விளக்கு வேறு போட்டு, பழகிய கொஞ்சத்தையும் அழித்துவிடுவார்கள். அதனால் கறுப்பு வண்ணம் அடித்த சாதாரணத் தகரச் சுவர் ஒரு முழத் தூரத்தில் இருந்தாலும், முடிவே இல்லாத வெளி மாதிரித் தெரியும்.

இரண்டாவது தந்திரம் புற ஊதா விளக்கு. அந்த ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. அது பட்ட ஒளிரும் வண்ணம் மட்டும் பளிச்சென்று எரியும். வண்ணம் பூசிய எலும்புக்கூடு தெரியும், அதைத் தாங்கி நிற்கும் கறுப்புக் கம்பி தெரியாது. மலிவான தந்திரம், இன்றைக்கும் செல்லுபடியாகிறது.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரவில் மெஜஸ்டிக்கிலிருந்து ஓசூர் வழியாக ஊருக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்ளே விளக்கு எரிகிறது. வெளியே பொம்மசந்திரா பக்கத்துக் கம்பெனி விளக்குகள் ஓடுகின்றன. அந்த விளக்குகளின் மேல் உங்கள் முகம் மிதக்கிறது. முகத்தின் ஊடே தெருவும் தெரிகிறது. நடத்துனர் உள்விளக்கை அணைத்ததும் முகம் மறைந்து தெரு மட்டும் நிற்கிறது. இதுதான் ஹென்றி டர்க்ஸ் யோசித்து, 1862-ல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடைக்குக் கொண்டுவந்த 'பெப்பரின் பேய்'. பார்வையாளருக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்துவார்கள். கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு நடிகர் நிற்பார். அவர்மேல் வெளிச்சம் போட்டால் பேய் வரும், எடுத்தால் போய்விடும்.

1969-ல் அமெரிக்காவின் டிஸ்னிலேண்டில் திறந்த ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடில், விருந்து மண்டபத்தில் ஜோடி ஜோடியாக ஆடும் ஆவிகள் இந்தக் கண்ணாடிதான். நம் வண்டி மாடத்தில் போகும். ஆடும் பொம்மைகள் நம் பார்வைக்கு எட்டாத இடத்தில் சுழலும். கண்ணாடியில் விழும் அவற்றின் பிம்பத்தைத்தான் பார்க்கிறோம். இது நம் அரசியலுக்கும் வந்தது. 2012 குஜராத் தேர்தலில் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் மோடி தோன்றியதை 'ஹோலோகிராம்' என்று எழுதினார்கள். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய படலத்தைச் சாய்த்துக் கட்டிய பெப்பரின் பேய் அது.

வண்டி எப்படி ஓடுகிறது

நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு. 1901-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரக் கண்காட்சியில், இறக்கை அடிக்கும் கப்பலில் ஆட்களை ஏற்றி நிலவுக்குப் பயணம் போவதாக நம்ப வைத்தார்கள். அதே ஆண்டு பென்சில்வேனியாவின் கென்னிவுட் பூங்காவில் இருட்டு வாய்க்காலில் படகு விட்டார்கள். ஆனால் படகுக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும், செலவு அதிகம்.

இதற்குத் தீர்வு 1928-ல் நியூ ஜெர்சியில் வந்தது. லியோன் காசிடி என்பவர் தரையில் ஒற்றைத் தண்டவாளம் பதித்து, மின்சாரத்தில் ஓடும் சின்ன வண்டியை விட்டார். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் வண்டி சட்டென்று மடங்கித் திரும்பும். சின்னக் கொட்டகைக்குள்ளேயே பாதையை ஜிலேபி மாதிரிச் சுற்றிவிடலாம். ஏறி இறங்கிய ஒருவர் 'பிரெட்செல் மாதிரி முறுக்கிவிட்டார்கள்' என்றாராம். பிரெட்செல் என்பது முறுக்கிச் சுட்ட ஒரு தின்பண்டம். கம்பெனிக்கு அதுவே பெயராயிற்று. நம் ஊராக இருந்திருந்தால் முறுக்கு கம்பெனி என்றே வைத்திருப்பார்கள். அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பயத்தின் பாதி. மடங்கும் பாதை கொடுத்தது அதைத்தான்.

தனித்தனி வண்டி ஓடினால் ஒன்றோடொன்று மோதக் கூடாதே? ரயில்வேயில் இருக்கும் அதே ஏற்பாடுதான். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு வண்டி இருக்கும்வரை பின்னால் வருவதை உள்ளே விடுவதில்லை. நடுவில் காரணமே இல்லாமல் வண்டி நின்றால் பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது முன்னால் போன வண்டிக்காகக் காத்திருப்பதுதான், சிக்னலில் ரயில் நிற்பது போல.

1967-ல் டிஸ்னி வேறு வழி பிடித்தது. வண்டிகளைச் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்து, நிற்காமல் மெதுவாக ஓடவிட்டது. ஆம்னிமூவர் என்று பெயர். ஏறும் இடத்தில் தரையே நகரும், அதில் நடந்தபடி ஏறிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வண்டியும் தன் அச்சில் திரும்பும். இடப்பக்கக் காட்சி வந்தால் உங்களை இடப்பக்கம் திருப்பும், வண்டியின் முதுகும் பக்கச் சுவரும் மற்றதை மறைக்கும். சினிமாவில் கேமரா செய்யும் வேலையை இங்கே நாற்காலி செய்கிறது. குறை ஒன்று: ஒருவர் தடுமாறினால் மொத்தச் சங்கிலியும் நிற்க வேண்டும்.

2000-ல் டோக்கியோ டிஸ்னிலேண்டில் தண்டவாளமே இல்லாத வண்டிகள் வந்தன. கணினி வழிகாட்ட, வெறும் தரையில் ஒன்றையொன்று சுற்றி நடனமாடிப் போகும். அதற்கு முந்தைய ஆண்டு, ஒர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்கா ஓடும் வண்டிக்கு மேலே ஆட்டும் மேடையையும் வைத்து, பாதை நெடுக 3டி திரைகளும் வைத்தது. டார்க் ரைடும் சிமுலேட்டரும் ஒன்றாகக் கலந்த இடம் அது.

ஆட்டும் நாற்காலி ஏன் பறப்பதாகத் தோன்றுகிறது

சிமுலேட்டர் உண்மையில் ஓரிரு அடிக்கு மேல் எங்கேயும் போவதில்லை. பிறகு எப்படி வயிற்றைக் கலக்குகிறது?

திரையில் விமானம் சீறிப் பாய்கிறது. அதே நொடியில் நாற்காலி மெல்லப் பின்னால் சாய்கிறது. சாய்ந்ததும் உங்கள் எடை முதுகுப் பக்கம் அழுத்தும். வேகமெடுக்கும் வண்டியிலும் முதுகு இப்படித்தான் அழுந்தும். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்புக்கு, சாய்வால் வந்த அழுத்தமா வேகத்தால் வந்த அழுத்தமா என்று தனியாகப் பிரித்தறியத் தெரியாது. அது கண்ணைக் கேட்கிறது. கண் 'பாய்கிறோம்' என்கிறது. முடிந்தது கதை. பிரேக் போடுவதைக் காட்ட முன்னால் சாய்த்தால் போதும்.

இதனால்தான் சிமுலேட்டர் அறைக்கு இருட்டு அவசியம். ஓரத்தில் ஒரு கதவோ எக்ஸிட் பலகையோ நேராகத் தெரிந்தால், அறை நகரவில்லை, நாம்தான் சாய்கிறோம் என்று கண் கண்டுபிடித்துவிடும். படமும் ஆட்டமும் கொஞ்சம் பிசகினாலும் கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும், மூளை குமட்டலைக் கொண்டுவரும். மால் மாடியில் 12டி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வருபவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். குமட்டினால் கண்ணை மூடிக்கொள்வது ஓரளவு உதவும். சண்டையில் ஒரு தரப்பை வாயடைக்கிறீர்கள்.

நம் ஊரில் டார்க் ரைடு ஏன் அரிது

இந்தியாவில் முயன்று பார்க்காமல் இல்லை. 2013-ல் தொடங்கிய இமேஜிகாவில், ஓடும் வண்டியிலிருந்து துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் அலிபாபா ரைடு, நர்மதைப் பள்ளத்தாக்கில் புதைபடிவமாகக் கிடைத்த ராஜாசாரஸ் டைனோசரை வைத்துப் படகு ரைடு, இருட்டு மண்டபத்துக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர் என்று உள்ளரங்கு ரைடுகள் பல வைத்தார்கள். சகியாத்திரி அடிவாரத்தில் மழைக்காலத்தில் கொட்டும் மழைக்கு இது நல்ல யோசனையும்கூட. ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. 2022-ல் பூங்கா மல்பானி குழுமத்தின் கைக்குப் போனது.

கணக்கைப் பாருங்கள். டார்க் ரைடுக்கு முதலில் ஒரு கட்டடம் வேண்டும். அதில் குளிரூட்டி, பிறகு பாதை, பிறகு காட்சிகள். அதெல்லாம் ஓடி முடிந்தாலும் வெளியே நிற்பவருக்குத் தெரிவது ஒரு பெரிய பெட்டி. ரோலர் கோஸ்டரோ தனக்குத் தானே விளம்பரம், மைசூர் சாலையில் போகும் பேருந்திலிருந்தே தெரியும். இன்ஸ்டாகிராமுக்கும் இருட்டு ஒத்துவராது.

அப்புறம் பராமரிப்பு. காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரு பொம்மைக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்குப் பத்து மணி நேரம், நிமிடத்துக்கு நாலு முறை தூக்கி இறக்கினால் ஒரு நாளைக்கு 2,400 முறை. ரப்பர் வளையம் தேயும், குழாய் கசியும், தோல் மூட்டில் கிழியும். ஒரு நாள் கை பாதியில் நின்றுவிடும். அதற்கான உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றால், பாதி தூக்கிய கையோடு அந்தப் பூதம் மாதக் கணக்கில் யாருக்கோ வணக்கம் வைத்துக்கொண்டிருக்கும். திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. படத்தை மாற்றினால் புது ரைடு. மால்காரர்கள் டார்க் ரைடை விட்டுவிட்டு 12டி பக்கம் போவதன் காரணம் இதுதான்.

ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு கணக்கு உண்டு, அதை முதலாளிகள் கவனிப்பதில்லை என்று தோன்றுகிறது. நாலு பேர் உட்காரும் வண்டி 15 நொடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 960 பேர். நாற்பது இருக்கை சிமுலேட்டர், ஏற்றி இறக்கப் பத்து நிமிடம் ஆனால் மணிக்கு 240 பேர்தான். மே மாதக் கூட்டத்தில் வரிசையைக் கரைக்க டார்க் ரைடுதான் கைகொடுக்கும். பாட்டியும் பேரனும் சேர்ந்து ஏறக்கூடியதும் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. மூங்கிலும் சாக்குத் துணியும் வைத்துக் குகை கட்டி, உள்ளே அசையும் பொம்மைகளால் புராணக் காட்சி வைக்கும் விநாயகர் சதுர்த்திப் பந்தல்களை பெங்களூரிலும் பார்க்கலாம், மும்பையிலும் பார்க்கலாம். பத்து நாளில் பிரித்துவிடுகிற டார்க் ரைடு அது, வண்டிக்குப் பதில் நம் கால். கைவேலைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பூங்காக்கள் ஏன் அவர்களைக் கூப்பிடாமல் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பொருள் பட்டியலைப் புரட்டுகின்றன என்பதுதான் புரியவில்லை.

தீ

டார்க் ரைடைப் பற்றிப் பயப்பட வேண்டியது பேயை அல்ல. திசை தெரியாதபடி வேண்டுமென்றே கட்டிய கட்டடம் அது. வளைந்த வழி, மறைத்த கதவு, சத்தம், புகை. சந்தோஷத்துக்காகச் செய்த எல்லாமே, தீப்பிடித்தால் எமனாக மாறும்.

1979 ஜூனில் சிட்னி லூனா பார்க்கின் பேய் ரயிலில் தீப்பிடித்து 7 பேர் இறந்தனர். 1984 மே மாதம் நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் ஹான்டட் காசில் என்ற பேய்க்கோட்டை எரிந்து 8 பதின்வயதினர் இறந்தனர். இரண்டாவது, டிரெய்லர் பெட்டிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. தற்காலிக அமைப்பு என்ற கணக்கில் வைத்திருந்ததால் தண்ணீர் தெளிப்பான்கூட இல்லை. சுவரில் ஒட்டிய பஞ்சு மெத்தையில் லைட்டர் நெருப்புப் பட்டது, அவ்வளவுதான்.

அதன் பிறகு அமெரிக்க விதிகளில் இத்தகைய கட்டடங்களுக்கென்று தனிப் பிரிவு வலுவானது. அதில் ஒரு நிபந்தனை நுட்பமானது: புகை உணரி இயங்கியதும், குழப்பும் ஒலியும் காட்சியும் தானாக நிற்க வேண்டும், வெளியேறும் வழியில் விளக்கு எரிய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் உண்மைப் புகையையும் காட்சியின் ஒரு பகுதி என்றே நினைத்து நிற்பார்.

இந்தியாவில் ரைடு இயந்திரங்களுக்கு இந்தியத் தரநிலை இருக்கிறது, கட்டடத்துக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இருக்கிறது. அனுமதி கொடுப்பதும் சோதிப்பதும் மாநில அரசு, உள்ளாட்சி, தீயணைப்புத் துறை என்று பிரிந்து கிடக்கிறது. இயந்திரத்தைச் சோதிப்பவர் ஒருவர், தகரக் கொட்டகையைப் பார்ப்பவர் இன்னொருவர். நடுவில் விழும் இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 2024 மே 25-ல் ராஜ்கோட் கேம் ஸோன் தீ காட்டியது. 27 பேர் இறந்தனர். அது டார்க் ரைடு அல்ல. ஆனால் தகரக் கூரை, உள்ளே எரியும் பொருள், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமை என்று அந்தப் பட்டியல் பழைய பேய்க்கோட்டையை ஞாபகப்படுத்துகிறது.

வரிசையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை

1. இறங்கும் வழி தனியாக இருக்கிறதா? நுழைந்த கதவு வழியாகவே திரும்ப வேண்டிய மால் பேய் வீடாக இருந்தால் யோசியுங்கள்.

2. சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெறும் துணி, தெர்மாகோல், பஞ்சு என்றால் பிள்ளைகளை உள்ளே அனுப்ப வேண்டாம்.

3. பச்சை எக்ஸிட் விளக்கு எரிகிறதா? காட்சி கெடுகிறது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டும் வழக்கம் உண்டு.

4. கழுத்துவலி, முதுகு அறுவை, கர்ப்பம், வலிப்பு உள்ளவர்கள் சிமுலேட்டரையும் பளீர் விளக்கு உள்ள ரைடையும் தவிர்ப்பது நல்லது. மெதுவாகப் போகும் டார்க் ரைடு பொதுவாகச் சிக்கல் இல்லை, ஆனாலும் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

5. பாதி வழியில் வண்டி நின்றால் இறங்காதீர்கள். இருட்டில் பக்கத்துப் பாதை எங்கே இருக்கிறதென்று தெரியாது, நின்ற வண்டி மீண்டும் நகரலாம். ஆள் வரும்வரை உட்கார்ந்திருங்கள். பராமரிப்பு வேலைக்கு வைத்திருக்கும் விளக்கைப் போடுவார்கள். அப்போது சுற்றிப் பார்த்தால், இவ்வளவு நேரம் மிரட்டிய கோட்டை ஒட்டுப்பலகையில் ஆணி அடித்தது, பூதத்தின் முதுகில் ஒரு சீரியல் நம்பர், பக்கத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன துடைப்பம்.